பெயர் மட்டும் நின்ற கட்டளை

பகல் உணவு முடிந்து ஊழியர்கள் மேல்மாடிக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பின்வாசல் வழியாக அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். வெயில் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே எண்ணெயும் ரப்பரும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த மணம். காவலாளி அவளைப் பார்த்தான், அடையாளம் கண்டுகொண்டான், தலையைக் குனிந்துகொண்டான். துக்க வீட்டுக்காரியை எதிர்கொள்ளத் துணிவில்லாதவர்கள் எல்லாரும் செய்வது அதுதான்.

சோதனைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. கூரையை ஒட்டிய கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெளிச்சம் சாய்ந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தின் நடுவில் நின்றது அழுத்த அறை.

உருண்டையான எஃகு அறை அது. ஆறாத புண்ணோடு வரும் நோயாளிகளையும், ஆழ்கடலில் மூழ்கி எழுந்து மூச்சுத் தவிப்பவர்களையும் உள்ளே அமர்த்தி, அடர்ந்த காற்றை ஏற்றிக் குணமாக்கும் கருவி. உயிர் கொடுப்பதற்காகக் கட்டப்பட்டது. சென்ற மாதம் அவள் கணவனின் உயிரை எடுத்துக்கொண்டது.

"வாங்க அண்ணி. சாப்டீங்களா?"

கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தவன் கொசு. ஒட்டிய உடம்பு, ஓயாத பேச்சு. அதனால் அவள் கணவன் வைத்த பெயர் அது. கணவனோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன்.

"அதைக் கேக்கத்தான் அவசரமா கூப்பிட்டியா?"

"இல்ல... வாய் தானா கேட்டுடுச்சு." கொசு குரலைத் தாழ்த்தினான். "சாயங்காலம் விசாரணைக்காரங்க மறுபடி வர்றாங்க. பாத்துட்டுப் போனதும் மெயினை நிறுத்திடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நிறுத்துனா மெமரி போச்சு. அண்ணன் கடைசியா என்ன செஞ்சாருன்னு யாருக்குமே தெரியாமப் போயிடும். பிழை தேடுற டீபக்கருக்குள்ள போய்ப் பாக்கத் தெரிஞ்சவங்க, அண்ணனை விட்டா நீங்கதான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

நிர்வாகம் என்ன சொல்லியிருந்தது? கேளுங்கள்! கூசாமல் சொன்னது. அவனுக்கு அன்று காலை மனைவியோடு சண்டையாம். மனம் உடைந்தானாம். எல்லாரும் உண்ணப் போன வேளையில் அறைக்குள் புகுந்து, காற்றை ஏற்றி, தன்னைத்தானே பூட்டிக்கொண்டானாம். கருவியில் குற்றமில்லை, கட்டியவர்களிடம் குற்றமில்லை, விற்க இருந்தவர்களிடம் குற்றமில்லை. செத்தவன் ஒருவனே குற்றவாளி! செத்தவனுக்கு வாய் இல்லை என்ற ஒரே துணிச்சலில், பிணத்தின் தலையில் பழியைக் கட்டி அனுப்பினார்கள்.

அவள் அதை நம்பவில்லை. பகலெல்லாம் நம்பவில்லை. ஆனால் படுக்கையில் பாதி காலியாகக் கிடக்கும்போது, ஒரு கேள்வி வந்து அவள் மார்பில் குந்திக்கொண்டது.

என்னை விட்டுப் போக நினைத்தானா?

சண்டை நடந்தது உண்மை. அதைச் சொன்னால் ஊர் சிரிக்கும். மற்ற வீடுகளில் கணவன் மனைவி பணத்துக்குச் சண்டை போடுவார்கள்; மாமியாருக்காகச் சண்டை போடுவார்கள். இவர்கள் போட்டது ஒரு மாட்யூலுக்காக, ஒரு துண்டு நிரலுக்காக.

கெர்னல் என்பது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதன் உயிர்நாடி. அது இடறி விழுந்தால் டீபக்கர் எழுந்து நின்று அனைத்தையும் உறைய வைக்கும். ஓடிய வேலைகள் அப்படியே நிற்கும். உள்ளிருக்கும் கடிகாரமும் நிற்கும். எல்லாம் செத்துக் கிடக்கும் அந்த வெளியில் பேசக்கூடிய ஒரே வாய் டீபக்கர். அதற்குத் தெரிந்தவை சில கட்டளைகள் மட்டுமே. புதுக் கட்டளை வேண்டுமானால், மாட்யூல் ஒன்றை எழுதி, ஓடும் கெர்னலுக்குள் ஏற்ற வேண்டும். ஏறியதும் அது தன் கட்டளையின் பெயரையும், அந்தப் பெயரைச் சொன்னால் எங்கே போக வேண்டும் என்பதையும் டீபக்கரிடம் பதிந்துவிடும். இறங்கும்போது அந்தப் பெயரை அழித்துவிட்டு இறங்கும்.

அவள் கணவன் எழுதிய கட்டளையின் பெயர் 'கதவு'. கெர்னல் விழுந்தாலும், அறைக்குள் இருக்கும் கீபோர்டில் அந்த ஒரு சொல்லை அடித்தால் போதும். காற்று மெல்ல இறங்கும், பூட்டு விலகும், உள்ளே இருப்பவர் வெளியே வரலாம். சம்பளத்துக்காக எழுதியதல்ல. உள்ளே உட்காரப்போகும் முகமறியாத நோயாளிகளுக்காக எழுதியது.

ஆனால் இறங்கும் வழியை அவன் எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவில்லை.

"வெளிய போற வழி இல்லாம மாட்யூல் எழுதாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று அன்று காலை அவள் கேட்டாள்.

"உயிரைக் காக்குற கட்டளைடி அது. வழி வெச்சாத்தானே எவனாவது இறக்குவான்?"

"பலவந்தமா பிடுங்குவாங்க. அப்போ உடம்பு போயிடும், பேரு மட்டும் நிக்கும். பேரைப் பாத்து நம்பி எவனாவது கூப்பிட்டான்னா, அதோகதிதான்."

"பிடுங்கட்டும், பாத்துக்கலாம்."

"உங்க வீட்டு ஆளுங்களுக்கு மூளைக்குப் பதிலா பிடிவாதத்தை வெச்சுப் படைச்சிருக்கு!"

அவன் சிரிக்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. போனான்.

இப்போது அவள் திரையைப் பார்த்தாள். சென்ற மாதத்து அந்த நண்பகலில் உறைந்த திரை. டீபக்கரின் குறி மட்டும், அடுத்த சொல்லுக்காக வாய் திறந்து காத்திருந்தது.

மேல்நோக்கும் அம்புக்குறி விசையை அழுத்தினாள். முன்பு அடிக்கப்பட்ட கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

கதவு.

மறுபடியும் அழுத்தினாள்.

கதவு.

கதவு. கதவு. அவசரத்தில் எழுத்துப் பிறழ்ந்த ஒன்று. திருத்தி மீண்டும் கதவு. அழுத்த அழுத்த அதுவே வந்தது. அடித்த ஒவ்வொரு முறையும் டீபக்கர் வெறும் பள்ளத்தில் கால் வைத்து, இடறி, எழுந்து, பிழை என்று சொல்லி, மீண்டும் வாய் திறந்து காத்திருந்திருக்கிறது.

சாக நினைத்தவனா இவன்? இல்லை! வாழ்வதற்காக ஒரே சொல்லை விரல் தேயத் தட்டியவன். தன் கையால் செய்த கதவைத் தன் கையாலேயே தட்டித் தட்டி, திறக்காமல் போனவன்.

அவள் வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள்.

"மாட்யூலை யார் பிடுங்குனது?"

கொசு பேசவில்லை. கொசு பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"நான்தான் அண்ணி. வாங்குற பார்ட்டி வந்து பாக்கப் போறாங்க, நம்ம பட்டியல்ல இல்லாதது எதுவும் உள்ள இருக்கக் கூடாதுன்னு மேலாளர் நின்னுட்டாரு. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்னேன். அவன் ஒத்துக்க மாட்டான், நீ எடுன்னாரு. எடுத்தேன். பேரு நிக்கும்னு எனக்குத் தெரியல. கெர்னலைத் தானே விழவெச்சு, கதவு திறக்குதான்னு சோதிக்கத்தான் அண்ணன் உள்ள போனாரு. போறதுக்கு முன்னாடி பாத்திருக்காரு, பேரு இருந்திருக்கு, நம்பிட்டாரு..."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்குக் கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

"போன்ல படம் எடு."

அவன் திரையைப் படமெடுத்தான். அவள் மீண்டும் கடைசி வரிக்குத் திரும்பினாள்.

கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

கதவு.

"நீ ஏதாவது தொட்டியா?"

"நான் இங்கதானே நிக்கிறேன் அண்ணி."

"உள்ள இருக்குற கீபோர்ட்?"

"அதோட ஒயரை அன்னிக்கே வெட்டிட்டாங்க." கொசு கையை நீட்டிக் காட்டினான். அறையின் எஃகுச் சுவரிலிருந்து வெட்டுண்ட கம்பி, செத்த பாம்பின் வால் போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தில் மின்விசிறியின் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அதற்கு அடியில் இன்னோர் ஒலி. மிக மெல்லியது. தடித்த எஃகுக்கு அப்பாலிருந்து வருவது.

விசைகளின் ஒலி.

திரையில் ஓர் எழுத்து முளைத்தது. அடுத்த எழுத்து. அடுத்தது.

கதவு.

பிழை என்றது டீபக்கர். காத்திருந்தது.

"அண்ணி, வாங்க போயிடலாம்." கொசு அவள் தோளருகே வந்து கிசுகிசுத்தான். "எனக்குக் கை கால் ஓடல."

"இந்த மெஷினுக்கு நேரம் ஓடவே இல்ல, தெரியுதா உனக்கு?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு மத்தியானம் இதுக்கு இன்னும் முடியல. அவருக்கும் முடியல. இன்னும் உள்ளதான் இருக்காரு. தட்டிக்கிட்டே இருக்காரு."

கதவு.

அந்தச் சொல்லுக்கு உடம்பு கொடுக்க வேண்டும். கொடுக்கும் வழி அவளுக்குத் தெரியும். ஈமச்சடங்கு முடிந்த வீட்டில், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் முன்னறையில் அமர்ந்திருக்க, அவள் உள்ளறையில் அவன் மாட்யூலைத் திறந்து, அவன் எழுத மறுத்த இறங்கும் வழியை எழுதி முடித்திருந்தாள். எதற்காக எழுதினாள் என்று அப்போது அவளுக்கே தெரியாது. அது இப்போது ஒரு பென் டிரைவில் அவள் கைப்பையில் இருந்தது.

ஆனால் உறைந்த கெர்னலுக்குள் எந்த மாட்யூலையும் ஏற்ற முடியாது. முதலில் அதை ஓடவிட வேண்டும்.

"ஓடவிட்டா எல்லாம் அழிஞ்சிடும்!" கொசு பதறினான். "சாயங்காலம் அவங்க வந்து பாக்க இது ஒண்ணுதான் இருக்கு. போட்டோவைக் காட்டுனா நாமளே ஜோடிச்சதுன்னு சொல்லிடுவாங்க. அண்ணன் பேரை மீட்கணும்னா இது அப்படியே நிக்கணும் அண்ணி."

அவள் இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

ஒரு பக்கம் அவன் பெயர். மறுபக்கம் அவன்.

எஃகுக்கு அப்பால் விசைகளின் ஒலி தளர்ந்து வந்தது. களைத்த விரல் தட்டும் ஒலி அது. ஒரு விசை. நெடுநேரம் கழித்து இன்னொரு விசை.

"மூச்சு வாங்குதுடா அவருக்கு," என்றாள்.

ஓடவிட்டாள்.

மின்விசிறியின் சுருதி மாறியது. விளக்குகள் சிமிட்டின. நின்றிருந்த கடிகாரம் தடுக்கித் தடுக்கி நடக்கத் தொடங்கியது. அவள் கைப்பையிலிருந்த மாட்யூலைச் செருகி ஏற்றினாள்.

கருவி மறுத்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்றது.

ஆம், இருக்கிறது! உடம்பு பிடுங்கப்பட்ட பின்னும் பெயர் இடத்தை விட்டு நகராமல் நிற்கிறது. அவன் பதிந்த பெயர். அவன் கைப்பட எஞ்சிய கடைசிச் சுவடு. அதை அழித்தால்தான் புதியது அமரும். அழிக்க வேண்டியவள் யார்? அவனுக்கு மாலையிட்டவள். கணவன் சாம்பலானதும் மனைவியின் அடையாளங்களைக் களையச் சொன்ன உலகம், இவள் கையாலேயே அவன் அடையாளத்தையும் களைய வைத்தது.

"மன்னிச்சுக்கோ," என்று முணுமுணுத்தாள். அழித்தாள்.

உள்ளே விசைகளின் ஒலி நின்றது.

முழுதாக நின்றது.

அந்த மௌனம் இருக்கிறதே, அது தட்டிய ஒலியைவிடக் கொடியது. கொசு தன் காதுகளைப் பொத்திக்கொண்டான். அவள் விரல்கள் ஒன்றையொன்று இடறின. மாட்யூலை மீண்டும் ஏற்றினாள். இம்முறை ஏறியது. பெயர் பதிந்தது. உடனே டீபக்கரை அழைத்தாள். எல்லாம் மீண்டும் உறைந்தன. குறி வாய் திறந்து காத்திருந்தது.

அவள் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"நீங்க அடிங்க அண்ணி."

"நான் அடிக்க மாட்டேன். அது அவர் அடிக்க வேண்டியது." அறையை நோக்கித் திரும்பினாள். "இப்போ தட்டு. இப்போ திறக்கும்."

ஒன்றும் நிகழவில்லை.

"நான்தான் சொல்றேன். ஒரே ஒரு தடவை."

திரையில் ஓர் எழுத்து முளைத்தது.

நடுங்கி நடுங்கி, மற்றவையும் வந்தன.

பூட்டு விலகியது. நெடுமூச்சு ஒன்று கூடமெங்கும் பரவியது. பழைய காற்று, ரப்பர் மணம் ஏறிய காற்று, அதன் அடியில் அவள் மட்டும் அறிந்த ஒரு வியர்வை மணம். எஃகுக் கதவு மெல்லத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

ஓர் இருக்கை. சுவரோடு பொருந்திய கீபோர்ட். ஒரு மனிதன் உட்கார்ந்து எழுந்தது போல் அழுந்திய மெத்தை. அவள் உள்ளே போனாள். அந்த மெத்தையைத் தடவினாள். சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அதன் மேல் தலை சாய்த்து, சென்ற மாதம் அழ வேண்டிய அழுகையை அழுதாள்.

மேல்மாடியிலும் ஒரு திரை இருந்தது. உறைந்திருந்த கருவி ஓடியதை அது மேலாளருக்குக் காட்டிக்கொடுத்தது. கீழே இறங்கி வந்து என்ன நடக்கிறது என்று பார்த்தாரா? இல்லை. இருந்த இடத்திலிருந்தே ஆணையிட்டார். "மெயினை நிறுத்து!"

நிறுத்தினார்கள்.

மின்சாரம் போனால், உள்ளிருக்கும் காற்றைக் காப்பதற்காகக் கதவு தானே மூடிப் பூட்டிக்கொள்ளும். கருவியைச் செய்த முறை அப்படி.

"அண்ணி! வெளிய வாங்க! அண்ணி!"

மூடிக்கொண்டது.

வெளியே கொசு எஃகை அறைந்தான். கையால் திறக்கும் சக்கரத்தை, உடலை வெளியே எடுத்த அன்றே விசாரணைக்காரர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மொட்டைக் கம்பிதான் கைக்கு வந்தது. படியேறி ஓடினான். "உள்ள ஆள் இருக்கு! பாவிங்களா, உள்ள ஆள் இருக்கு!" என்ற அலறல் தேய்ந்து போனது.

உள்ளே இருட்டு. மை போன்ற இருட்டு. மெமரி போனது. மாட்யூல் போனது. கட்டளையும் போனது, பெயர் கூட இப்போது எங்கும் இல்லை.

அவள் கத்தவில்லை. மெத்தையின் மேல் முகம் வைத்தபடியே இருந்தாள். அவனும் கடைசியாக இருந்தது இந்த இருக்கையில்தான் என்று எண்ணினாள். அந்த எண்ணம் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்போது கேட்டது.

காதுக்கு மிக அருகில்.

ஒரு விசை அழுந்தும் ஒலி.

அவள் மூச்சை அடக்கினாள். இன்னொரு விசை. இப்போது தளர்ச்சி இல்லை, பிழை இல்லை. வேலை தெரிந்த விரல்களின் வேகம். சொல் முடிந்தது.

கதவு திறந்தது.

படியிறங்கி வந்த கொசு அதைக் கண்டான். அவன் பின்னால் வந்த மின்பணியாளர் கண்டார். மெயின் விசை நிறுத்தப்பட்டே இருந்தது. கூடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. சன்னல் வெளிச்சத்தில், திறந்த கதவின் வழியே அவள் நடந்து வந்தாள்.

அன்று மாலை விசாரணைக்காரர்கள் முன்னால், மேலாளர் பல்லைக் கடித்தபடி பார்த்திருக்க, கொசு எழுந்து நின்றான். "நான்தான் எடுத்தேன். எடுக்கச் சொன்னது இவரு," என்றான். அழிந்துபோன மெமரிக்குப் பதிலாக ஒரு மனிதனின் வாய் பேசியது. அவன் வேலை போயிற்று. செத்தவன் மேல் சுமத்திய பழியும் போயிற்று.

அழுத்த அறையை வேறொரு மருத்துவமனைக்கு விற்றார்கள். சில வாரத்திலேயே திரும்பி வந்தது. கதவு சரியில்லை என்றார்கள். வெறும் அறையாக இருந்தால் மூடுகிறது. மணல்மூட்டையை வைத்தால் மூடுகிறது. மனிதர் உட்கார்ந்தால் மட்டும் மூட மறுக்கிறது. மோட்டாரை மாற்றினார்கள். பூட்டை மாற்றினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியையே புதிதாக வைத்தார்கள். பயனில்லை. கடைசியில் பழைய இரும்பு வாங்குபவனின் முற்றத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரு கம்பி கூட இணைப்பில் இல்லை.

கொசுதான் இடத்தைக் கண்டுபிடித்து அவளை அழைத்துப் போனான். அவள் உள்ளே சென்று அந்த இருக்கையில் அமர்ந்தாள்.

"சாத்துடா."

"வேண்டாம் அண்ணி."

"கொஞ்ச நேரம். நாங்க ரெண்டு பேரும் பேசணும்."

அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். துருப்பிடித்த கீல் முனகியது. கதவு வந்தது, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. இன்னும் பலமாகத் தள்ளினான். கால்கள் மண்ணில் சறுக்கின. நரம்பு புடைத்தது.

"என்ன அண்ணி இது?" என்று அந்த இடைவெளியில் முகம் வைத்து மூச்சிரைத்தான். "சாத்தச் சொல்லிட்டு நீங்களே உள்ளேயிருந்து தள்ளுனா எப்படி?"



அவள் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் இரண்டும் அவள் மடியிலேயே இருந்தன.